நாதுலாச் சமர் (1967)

சிக்கிமுக்கும் திபெத்துக்கும் இடையே, ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில், முற்காலத்தில் கம்பளி வியாபாரிகளின் கோவேறு கழுதைகள் ஏறியிறங்கிய நாதுலா என்னும் கணவாயில், 1967 செப்டம்பர் 11 முதல் 14 வரை இந்திய, சீன சைன்யங்களுக்கிடையே நிகழ்ந்த சமர். 1962-இல் சீனாவிடம் அடைந்த தோல்வியை ஓயாது விவாதிக்கும் நம் ஜனங்கள் இதனை ஏனோ அதிகம் நினைவுகூர்வதில்லை.

1965-இல், பாகிஸ்தானுடன் யுத்தம் மூண்டிருந்த சமயத்தில், நாதுலாவையும் அதன் அண்டைக் கணவாயான ஜெலெப்லாவையும் விட்டு நீங்குமாறு சீனா எச்சரித்தபோது, ஜெலெப்லா காலி செய்யப்பட்டுச் சீனர் வசமாயிற்று. ஆயினும் 17-ஆவது மலைப் படைப்பிரிவின் அதிபதி மேஜர் ஜெனரல் சகத் சிங், நீர்பிரிமுகட்டில் அமைந்த நாதுலாவைக் கைவிடுதல் விவேகமன்று எனக் கருதி, அங்கிருந்து விலக மறுத்துவிட்டார். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அம்மறுப்பே மூலகாரணம் எனலாம்.

எல்லையைக் குறிக்க இந்தியர் முள்வேலி அமைக்க முற்பட்டதும் வாக்குவாதம் கைகலப்பாகி, 11-ஆம் தேதி காலையில், மறைவேதுமற்ற வெளியில் வேலை செய்துகொண்டிருந்தோர்மீது சீனரின் இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. கிரனேடியர் பட்டாளத்தின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ராய் சிங் காயமுற்றார். எனினும், சுற்றியிருந்த உயர்ந்த முகடுகளிலிருந்து இலக்குக் காட்டப்பட்ட இந்தியப் பீரங்கிகள், எதிரியின் பதுங்கு குழிகளை இடைவிடாது தாக்கிச் சிதைத்தன. அக்டோபர் 1-இல் வடக்கே சோலா என்னும் கணவாயிலும் சண்டை மூண்டது.

இவ்விரு சண்டைகளிலுமாக இந்தியர் 88 பேர் மாண்டனர். சீனர் 340 பேர் என்பது இந்தியாவின் கணக்கு, சீனா ஒப்பியதன்று. அடைபட்டுக் கிடந்த நாதுலாக் கணவாய் வர்த்தகத்துக்குத் திறக்கப்பட்டது 2006-இல்.