கொட்டியாரக் குடாவில் பிடிபட்டவர் தொப்பி பின்னிப் பிழைத்த கதை



போன கிழமை எங்களிடம் படித்த தம்பி ஒருவர் வந்திருந்தார். உயர்தரம் முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே கல்யாண அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, நோட்டீஸ் எல்லாம் வடிவமைத்துக் கொடுப்பவர். "சேர், வேலை குறைஞ்சு போச்சு. லோன் எடுத்து நல்ல கம்பியூட்டர் ஒண்டு வாங்கினா கூட வேலை வரும்தானே?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. நம் கரையிலேயே தொடங்கிய ஒரு பழைய கதைதான் ஞாபகத்துக்கு வந்தது. மாதச் சம்பளம் இல்லாமல் சொந்தக் கையை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும் அது உதவும் என்பதால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

சம்பூரும் மூதூரும் ஒரே கொட்டியாரக் குடாவின் கரையில் இருக்கின்றன. மூதூரில் "வெள்ளைக்காரன் மரம்" என்று பொறித்து 1893இல் நாட்டிய கல்லைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். 1659இன் கடைசியில் புயலில் பாய்மரம் இழந்த "ஆன்" என்ற ஆங்கிலக் கப்பல், திருத்த வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் இந்தக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் சேர்த்து 16 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். மகனுக்கு அப்போது ஏறத்தாழ இருபது வயதுதான்.

அவர் சிறைக்கூடத்தில் அடைக்கப்படவில்லை. கிராமங்களில் பிரித்து விட்டார்கள். ஊரார் சோறு கொடுக்க வேண்டும் என்பது அரச கட்டளை. ஆனால் உடுப்புக்கு வழியில்லை, கையில் காசும் இல்லை. அந்த நிலையில் ஏறத்தாழ 20 வருடம் எப்படிப் பிழைத்தார் என்பதை, தப்பிப் போன பின் 1681இல் இலண்டனில் வெளிவந்த தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். அதை நாம் பெரும்பாலும் கண்டி இராச்சியத்தின் வரலாறாகத்தான் படிப்போம். உள்ளே ஒரு சுயதொழில்காரரின் கணக்குக் கொப்பியும் இருக்கிறது.

முதலில் அந்தக் கைதிகள் செய்த வேலை சின்னது. சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியாகவே தரும்படி ஊராரிடம் கேட்டார்கள். மிச்சம் பிடித்த அரிசியை விற்று உடுப்பு வாங்கத்தான் இந்த யோசனை. அவர்களுடைய முதல் சேமிப்பு அதுதான்.

அடுத்து தொப்பி பின்னப் பழகினார்கள். நூலுக்கு மூன்று பென்ஸ் செலவு, விற்றால் ஒன்பது பென்ஸ். நல்ல இலாபம். ஆனால் இலாபத்தைக் கண்டதும் எல்லோரும் தொப்பி பின்னத் தொடங்கினார்கள். ஊரெல்லாம் தொப்பி மலிந்தது, விலை விழுந்தது, அதை மட்டுமே நம்பியிருந்த பலர் வறுமையில் விழுந்தார்கள்.

உறவுகளே, ஒரு ஊரில் ஒரு ஓட்டோ நன்றாக ஓடினால் அடுத்த வருடம் பத்து ஓட்டோ நிற்கும். ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு கடை வரும். அந்தத் தம்பிக்கும் இதுதான் நடந்திருக்கிறது. இன்று போன் வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அழைப்பிதழ் வடிவமைக்கிறார்கள். வேலை குறைந்ததற்குக் காரணம் மெசின் அல்ல, தொப்பி கூடிப்போனதுதான்.

நொக்ஸ் தொப்பியை விட்டுவிடவில்லை, பக்கத்தில் வேறு தொழில்களைச் சேர்த்துக்கொண்டார். ஆடு, கோழி வளர்த்தார். எலதெத்த என்ற ஊரில் கொஞ்சம் காணி வாங்கி வீடு கட்டினார். கையில் சேர்ந்ததை நெல்லாக மாற்றிக் கடன் கொடுத்தார். அந்தக் கால வழக்கப்படி அறுவடையில் கொடுத்த அளவும், அதில் பாதியும் சேர்த்துத் திரும்ப வரும். அதாவது வருடத்துக்கு 50 வீதம் வட்டி. வட்டி நமக்கு ஹராம். ஆனால் வட்டிக்குக் கொடுத்தவரே கடன்பட்டவரின் நிலையை எழுதிவைத்திருப்பது நமக்குப் பெரிய பாடம். கடன்பட்டவரின் வயல் விளைந்ததும் கடன்காரர்கள் ஒருவருக்கு முன் ஒருவர் வயலுக்கே போய் நெல்லை எடுத்துக்கொண்டு போவார்களாம். விதைத்தவர் வீட்டுக்கு ஒரு மணியும் வராது. பாதிக் கடன்கூட அடையாது. ஆனாலும் ஏழு வருடம் போனாலும் கடன் இரண்டு மடங்குக்கு மேல் கூடாது என்ற எல்லை அன்று இருந்தது.

வராத வருமானத்தை நம்பிப் பட்ட கடன் நம் வீடுகளில் என்ன செய்தது என்று நாமும் பார்த்தோம். கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனில் எத்தனை தாய்மார் சிக்கினார்கள்! வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்குக் குறைந்த கடன்களை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. நம் மாவட்டமும் அதில் ஒன்று.

கஷ்ட காலம் நமக்குப் புதிதல்ல. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சோடு சம்பூர் உறவுகளின் அலைச்சல் தொடங்கியது. ஆகஸ்டில் மூதூர், தோப்பூர் மக்கள் நாங்கள் கந்தளாய்க்கு ஓடினோம். நாங்கள் சில வாரங்களில் திரும்பத் தொடங்கினோம். சம்பூர் மக்களோ மட்டக்களப்பு வரை போய், பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது, பின்னர் 818 ஏக்கர் கைத்தொழில் வலயமானது. 2015இல் அந்த வர்த்தமானி இரத்தாகி, 2016 மார்ச்சில் கடற்படை முகாமிருந்த 237 ஏக்கரும் விடுபட்டது. வயலும் மாடும் வள்ளமும் போன பிறகு மிஞ்சியது கைத்தொழிலும், பத்திரமாக வைத்திருந்த காணி உறுதியும்தான். நிலக்கரி மின்னிலையம் வரும், வேலை வரும் என்றார்கள். 2016இல் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. பெரிய திட்டத்தை நம்பி நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை எழுதக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பிறகு 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை, வெள்ளாமை விழுந்தது. 2022 ஆகஸ்டில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் 340 ரூபாயானது, வள்ளங்கள் கரையில் கிடந்தன. செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். கையில் காசு வைத்திருந்தவரின் காசு கரைந்தது. வீட்டில் நெல்மூடை வைத்திருந்தவர் சமாளித்தார். நொக்ஸ் சேமிப்பை நெல்லாக வைத்திருந்ததன் அர்த்தம் அன்றுதான் நமக்கும் விளங்கியது. ஏழு வருட விளைச்சலில் அடுத்த ஏழு வருடப் பஞ்சத்துக்குச் சேமிக்கச் சொன்ன யூஸுஃப் நபியின் வரலாறும் இதைத்தானே சொல்கிறது?

கதையின் முடிவையும் சொல்ல வேண்டும். நொக்ஸும் ஸ்டீபன் என்ற தோழரும் மிளகு, வெள்ளைப்பூண்டு, சீப்பு, இரும்புச் சாமான் சுமந்து வடக்குப் பக்கம் வியாபாரத்துக்குப் போய்வரத் தொடங்கினார்கள். இலாபம் சொற்பம். ஆனால் பாதை தெரிந்தது, ஆட்கள் பழகினார்கள், யாரும் சந்தேகப்படவில்லை. இடையில் சில வருடம் வரட்சியால் போக முடியவில்லை. அவசரப்படாமல் காத்திருந்தார்கள். 1679 செப்டெம்பரில் வழமைபோல வியாபாரத்துக்குப் போவதாகப் புறப்பட்டு, மல்வத்து ஓயாவைப் பிடித்து நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னார்ப் பக்கம் அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். அன்றாடச் சோற்றுக்குச் செய்த தொழிலே அடுத்த வாழ்க்கைக்கு வழியும் காட்டியது.

அந்தத் தம்பிக்கு நாங்கள் சொன்னது இவ்வளவுதான்:

ஒன்று, வேலை வராத மாதத்தில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அந்தக் கடன் வேண்டாம். பழைய கம்பியூட்டர் ஒன்றைக் காசு சேர்த்து வாங்கலாம்.

இரண்டு, செய்யும் தொழிலை விடாமல் பக்கத்தில் இன்னொன்று பழகுங்கள். ஊரில் யாரும் செய்யாததாகப் பாருங்கள்.

மூன்று, நல்ல மாதத்தில் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவை ஒதுக்குங்கள். ஒரு பங்கு அரிசியாக வீட்டில் இருக்கட்டும்.

நான்கு, சுயதொழில் செய்வோருக்கும் ஓய்வூதியம் உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இலங்கை சமூக பாதுகாப்புச் சபை அதை நடத்துகிறது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இள வயதில் சேர்ந்தால் கட்டுப்பணமும் குறைவு.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சேர், அந்த வெள்ளைக்காரன் கடைசி வரைக்கும் தொப்பி பின்னினானா?" என்று கேட்டார். ஓம் தம்பி, தொப்பியையும் பின்னினார், பாதையையும் பார்த்து வைத்தார்.

அல்லாஹ் நம் எல்லோருடைய உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.