மூத்தோர் மாணவரான காலம்

தலைமை என்னும் சொல்லைக் கேட்டதும் முதுமையையும் முன்னிருக்கையையும் சேர்த்தே நினைக்கப் பழகியிருக்கிறோம். இப்பழக்கத்தை ஒரு மாவட்டமே சிறிது காலம் தலைகீழாக மாற்றிப் பார்த்ததுண்டு. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கமே அது.

மைய அரசு 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தை நிறுவியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அவ்வழியில் தமிழகத்தில் அறிவொளி பரவிய மாவட்டங்களுள் புதுக்கோட்டை தனித்து நிற்கிறது. 1948 வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்து, 1974இல் தனி மாவட்டமான பகுதி இது. மழையை நம்பிய வேளாண்மையும் கல்குவாரிக் கூலியுமே பலருக்குப் பிழைப்பு. கையெழுத்திட வேண்டிய இடங்களில் கைநாட்டு வைத்து வாழ்ந்தோர், குறிப்பாகப் பெண்கள், மிகப் பலர்.

அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். ஆசிரியர்களும் அறிவியல் இயக்கத்தினரும் துணை நின்றனர். எனினும், சுமையின் பெரும்பகுதியைத் தாங்கியவர்கள் ஊதியமின்றி உழைத்த இளம் தொண்டர்களே. பகலெல்லாம் வயலில் உழைத்துத் திரும்பிய பெண்கள் இரவில் விளக்கொளியில் எழுத்துக் கூட்டினர். கற்பித்தவரோ பெரும்பாலும் அதே ஊரில், அவர்கள் கண்முன் வளர்ந்த பிள்ளைகள். அத்தை என்றும் அப்பத்தா என்றும் அழைத்தவர்களுக்கே அப்பிள்ளைகள் ஆசான்களாயினர். அந்த வகுப்பில் பெரிய மனம் யாருடையது? கற்பித்த இளையவரைப் போற்றுவது எளிது. தம் பேத்தி வயதுடையவள் பிழை திருத்த, அதனை இழிவாகக் கருதாமல் மறுநாளும் பலகையுடன் வந்தமர்ந்த மூதாட்டியையே நான் முதலில் வைப்பேன்.

இஸ்லாமிய வரலாறு அறிந்தோர்க்கு இக்காட்சி புதிதன்று. ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், விடுதலை பெற்ற அடிமையான ஸைத் (ரலி) அவர்களின் மகன் உஸாமா (ரலி) அவர்களைப் படைத் தலைவராக்கினார்கள். அவருக்கு அப்போது இருபது வயதளவே. உமர் (ரலி) போன்ற மூத்த தோழர்களும் அப்படையில் இருந்தனர். முணுமுணுப்பு எழாமல் இல்லை. நபிகளாரின் மறைவுக்குப் பின் கலீஃபா அபூபக்ர் (ரலி) அப்படையை வழியனுப்பியபோது, உஸாமா வாகனத்தில் அமர்ந்திருக்கத் தாம் நடந்தே சென்றார்கள். உமரை மதீனாவில் தம்முடன் விட்டுச் செல்லுமாறு அந்த இளைஞரிடம் அனுமதியும் வேண்டினார்கள். ஆணையிடும் உரிமை கையிலிருந்தும் கேட்டுப் பெற்றார்கள் என்பதே இங்கு நோக்கத்தக்கது. நம் ஊர்ப் பொதுக்கூட்டங்களில் இளைஞர்க்கு நாற்காலி அடுக்கும் பணி மட்டுமே மிஞ்சுவதைக் காணும்போது இந்நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

புதுக்கோட்டைக்குத் திரும்புவோம். ஊர்விட்டு ஊர் சென்று பணியாற்றப் பெண்களுக்குப் போக்குவரத்தே தடையாயிற்று. ஆகவே மிதிவண்டி ஓட்டுவதும் இயக்கத்தின் பாடமாயிற்று. வண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்கச் செய்தார் ஆட்சியர். ஒருங்கிணைப்பாளர் கண்ணம்மாள் போன்றோர் முன்னோடியாகத் தாமே மிதித்துக் காட்டினர். ஏச்சும் ஏளனமும் தெருவெங்கும் காத்திருந்தன, அவர்கள் இறங்கவில்லை. 1992இல் மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய மிதிவண்டிகளில் மணியொலித்தவாறு புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர். சில ஆண்டுகளில் ஓட்டக் கற்றவர் தொகை ஒரு லட்சத்தைக் கடந்தது. குவாரித் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் எனப் பலதரப்பினர். முஸ்லிம் இளம்பெண்களும் அவர்களுள் இருந்தனர் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் கண்டு எழுதியுள்ளார். ஆண்களின் வண்டியையே சிலர் விரும்பினராம். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள கம்பியில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் அல்லவா!

1992 ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்குப் பின் வேகம் தணிந்தது. கற்ற எழுத்தை மறந்தோரும் உண்டு. இயக்கம் உருவாக்கிய இளம் தலைவர்களுக்கு அவரவர் ஊரின் பொது அமைப்புகளில் இடமளித்திருந்தால் அவ்வேகம் நீடித்திருக்கக்கூடும் என்பதே என் கருத்து. ஆயினும் முற்றும் வீணாகிவிடவில்லை. இவ்வியக்கத்தை ஆராய்ந்து 2013இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி, எழுதக் கற்ற கிராமப் பெண்கள் தம் குறைகளை மனுவாக எழுதி, தம் கையொப்பமிட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொண்டு சேர்த்ததைப் பதிவு செய்திருக்கிறார்.