வேக்சிங்குக்கு முன் தோலைத் தயார்படுத்துதல்

மெழுகால் முடியை வேரோடு நீக்குவதற்கு முன் தோலுக்குச் செய்யும் பராமரிப்பு. முடி சுமார் 6 மில்லிமீட்டர், அதாவது ஓர் அரிசி மணியளவு, வளர்ந்திருந்தால்தான் மெழுகு பற்றும். ஆகவே இரண்டு மூன்று வாரம் ரேசரைத் தொடக்கூடாது. மெழுகிடுவதற்கு முந்தின நாளே பயத்தமாவால் மென்மையாகத் தேய்த்துக் குளித்தால் இறந்த செல்கள் நீங்கும், முடி உள்ளே சுருண்டு வளர்வதும் குறையும்.

புதுச்சேரி மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூர் போன்ற புழுக்கமான ஊர்களில் வியர்வையும் தேங்காய் எண்ணெயும்தான் பெரிய தடை. பிசுக்குள்ள தோலில் மெழுகு வழுக்கும்; பட்டையை மறுபடி மறுபடி இழுக்க நேர்ந்து தோல் உரியும். மெழுகிடும் அன்று எண்ணெய், லோஷன் எதுவும் வேண்டாம். மெழுகிடும் இடத்தைக் கழுவித் துடைத்து, லேசாகப் பவுடர் போட்ட பிறகே மெழுகு தடவ வேண்டும். கல்யாணப் பெண்கள் நலங்குக்கு இரண்டு மூன்று நாள் முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது. புதிதாக மெழுகிட்ட தோலில் மஞ்சளும் மாவும் தேய்த்தால் எரியும்.

வெயிலில் கன்றிய தோல், புண், தடிப்பு இருந்தால் தள்ளிப்போட வேண்டும். முகப்பருவுக்கு ரெட்டினாய்டு களிம்போ ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையோ எடுப்பவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் மெழுகிட்டுக்கொள்ளவே கூடாது.