படத்தின் பின்பக்கம்

புகைப்படக்கலை உலகத்துக்கு வந்ததே ஒரு கொடையாகத்தான். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். தகேர் என்ற பெயரை எங்கள் வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டியது இன்றும் நினைவில் இருக்கிறது. வெள்ளி பூசிய தகட்டில் உருவத்தை நிறுத்தி வைக்க வழி கண்டவர் அவர். 1839 ஜனவரி 7ஆம் தேதி, அரகோ என்ற விஞ்ஞானி பாரிஸ் அறிவியல் அகாதெமியில் இதை முதலில் அறிவித்தார். பிரெஞ்சு அரசு தகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், மறைந்துவிட்ட அவர் கூட்டாளி நியேப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க் என்று ஓய்வூதியம் கொடுத்து அந்த முறையை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் தேதி செய்முறையை ஊரறிய வெளியிட்டது. இங்கிலாந்தில் மட்டும் தகேர் தனியாகக் காப்புரிமை எடுத்திருந்தார். மற்ற நாட்டார் யாரும் காசு கொடுக்காமல் செய்து பார்க்கலாம் என்றாயிற்று. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் என் போன்றவர்களுக்கு இந்தச் சரித்திரம் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

இன்று நான் எழுத வந்தது இந்தக் கலையின் ஒரு சிறு கிளையைப் பற்றி. பறவை, விலங்கு, மரம், ஏரி என்று படம் எடுத்தவர்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் ஆசைக்காக எடுத்தவர்கள், அவற்றைத் தங்களுக்குள் எப்படிக் கொடுத்து வாங்கினார்கள் என்ற கதை.

தொடக்கத்தில் உயிருள்ள விலங்கைப் படம் எடுக்கவே முடியவில்லை. தகடு ஒளியை வாங்கிக்கொள்ள நேரம் பிடிக்கும். அதுவரை மான் நிற்குமா? வேல்ஸ் நாட்டில் லெவெலின் என்ற செல்வந்தர் 1850களில் ஒரு வழி செய்தார். பாடம் செய்த மானையும் நாரையையும் தன் தோட்டத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். பறக்கும் பறவையைப் பிடிக்க 1882 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சு உடலியல் அறிஞர் மரே துப்பாக்கி வடிவத்திலேயே ஒரு கேமரா செய்தார். ஒரு விநாடிக்கு 12 படம் எடுக்கும். நேப்பிள்ஸ் கடற்கரையில் பறவைகளைக் குறிபார்த்து விசையை இழுப்பார்; ஒன்றும் கீழே விழாது. ஊரார் அவரைப் பித்தர் என்று எண்ணினார்களாம்.

அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1892இல், இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் பறவைக் கூட்டையும் முட்டையையும் இருந்த இடத்திலேயே படம் எடுத்தார்கள். அண்ணன் ரிச்சர்டு எழுதுவார், தம்பி செர்ரி படம் எடுப்பார். 1895இல் புத்தகமாகவே போட்டார்கள். பறவைக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று பாடம் செய்த மாட்டுத்தோலுக்குள் புகுந்துகொண்டு மணிக்கணக்கில் நின்றவர்கள் அவர்கள். அமெரிக்காவில் ஷைராஸ் என்ற வழக்கறிஞர் இரவில் படகில் போய், ஒளிப்பொடியைக் கொளுத்தி மான்களை எடுத்தார். 1906 ஜூலை மாத ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழில் அவருடைய படங்கள் 74 வெளிவந்தன. நம் நாட்டில் ஐக்கிய மாகாண வனத்துறையில் இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி வைத்தார். புலியின் கால் பட்டதும் கேமரா இயங்கும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். 1927இல் அவர் புத்தகம் வந்தது. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் மனம் கேமராவின் பக்கம் திரும்பியதற்குச் சாம்பியனின் படங்களும் ஒரு தூண்டுகோல்.

இவர்கள் பேர் பெற்றவர்கள். பேர் தெரியாத ஆசைக்காரர்கள் என்ன செய்தார்கள்? தபாலைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1899இல் விலங்குப் படம் எடுப்போருக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். இத்தகைய தபால் சங்கங்களின் நடைமுறை இதுதான்: ஒரு பெட்டி உறுப்பினர் வீடுகளைச் சுற்றி வரும். வந்த பெட்டியைத் திறந்து மற்றவர்கள் படங்களைப் பார்த்து, குறை நிறை எழுதி, போன சுற்றில் வைத்த தன் படத்தை எடுத்துக்கொண்டு புதியதை வைத்து, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். நேரில் பார்த்திராதவர்கள் ஒருவருக்கொருவர் வாத்தியாராக இருந்தார்கள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டுத் தப்ப முடியாது. ஏன் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

இப்படிக் கொடுத்து வாங்கியதால் விளைந்த நன்மைக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. அசாமில் ஈ.பி. ஜீ என்ற தேயிலைத் தோட்டக்காரர் இருந்தார். விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். 1953இல் பூடான் எல்லையில், மானஸ் ஆற்றுப் பக்கம், பொன்னிறமான லங்கூர் குரங்குகளைப் படம் பிடித்தார். பிடித்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் விலங்கியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவித்தார். 1956இல் அந்தத் துறையின் கஜூரியா அது தனி இனம் என்று பதிவு செய்து, அதன் அறிவியல் பெயரில் ஜீயின் பெயரையே வைத்தார். எங்கே பார்த்தேன், எப்போது பார்த்தேன் என்று சொல்லும் பழக்கம் ஜீக்கு இல்லாதிருந்தால் அந்தப் படம் வெறும் அழகான படமாகவே நின்றிருக்கும்.

தமிழர்களில் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா அமைத்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950இல் தொடங்கிய அவர் பத்தி, 1996 பிப்ரவரி 18ஆம் தேதி அவர் காலமான நாள் வரை வந்தது. தஞ்சாவூர்க்காரரான டி.என்.ஏ. பெருமாள் பெங்களூரில் இருந்துகொண்டு, இரவில் நடமாடும் தேவாங்கு முதலியவற்றை எடுத்தார். தேடி வந்த இளைஞர்களுக்குக் கற்றும் கொடுத்தார்.

அந்தக் காலத்துப் போட்டிக்காரர்கள் பெயருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி., ஈ.எஃப்.ஐ.ஏ.பி. என்று போட்டுக்கொள்வார்கள். ஆங்கிலப் பட்டம் என்று பலர் நினைத்தார்கள். அது பிரெஞ்சு. 1950இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கிய பன்னாட்டுப் புகைப்படக்கலைச் சம்மேளனத்தின் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள் அவை. முன்னால் நிற்கும் ஏ என்பது ‘ஆர்த்திஸ்த்’, ஈ என்பது ‘எக்செலான்ஸ்’. இந்தப் பட்டங்களுக்காகப் பல நாட்டுக் கண்காட்சிகளுக்குப் பிரிண்டுகளைத் தபாலில் அனுப்புவார்கள். ஏற்றுக்கொண்ட கண்காட்சி படத்தின் பின்பக்கம் ஒரு சிறு சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பும். நன்றாகச் சுற்றி வந்த படத்தின் முதுகு பழைய பயணப் பெட்டி மாதிரி சீட்டுகளால் நிறைந்திருக்கும்.

எங்கள் புதுச்சேரிக்கு வருகிறேன். எழுபதுகளில் நாங்கள் ஆறு பேர். ஒரு தமிழாசிரியர், ஒரு மருந்துக்கடைக்காரர், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா, அரசு குமாஸ்தாக்கள் மூவர். சங்கமும் இல்லை, ரசீதுப் புத்தகமும் இல்லை. என்னிடம் இருந்தது அக்ஃபா கிளிக் த்ரீ. ஒரு சுருளுக்கு 12 படம். அதில் ஏரிக்கரையிலிருந்து நாரையை எடுத்தால் கடுகளவு வரும். சொல்தா பிரான்சிலிருந்து கொண்டுவந்த நீள லென்ஸ் ஒன்றுதான் எங்கள் ஆறு பேருக்கும் பொதுச் சொத்து. முறை வைத்துக்கொண்டு எடுப்போம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ பிலிமும் காகிதமும் கிடைக்கும். அந்த ஆலை பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு வந்தது என்பதில் சொல்தாவுக்குத் தனிப் பெருமை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழாசிரியர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். படங்கள் கைமாறும். முதல் விதி, பின்பக்கம் பென்சிலால் எழுத வேண்டும். மை முன்பக்கம் ஊறிவிடும். பறவையின் பெயர், இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர். அதற்குக் கீழே மற்றவர்கள் கருத்து. தமிழாசிரியர்தான் தமிழ்ப் பெயர்களைத் திருத்துவார். நத்தை குத்தி நாரை, பாம்புத்தாரா, நீலத் தாழைக்கோழி எல்லாம் அவர் கையெழுத்தில் எங்களுக்கு வந்தவை. மருந்துக்கடைக்காரர் ஊசுட்டேரியில் ஒரு நீளவால் இலைக்கோழியை மிக அருகில் எடுத்து வந்தார். எல்லாரும் புகழ்ந்தோம். சொல்தா மட்டும் பின்பக்கம் எழுதினார்: “பறவை அழகு. ஆனால் அது உம்மைப் பார்த்துப் பயந்திருக்கிறது.” திருப்பிப் பார்த்தபோது எங்களுக்கும் அது தெரிந்தது.

இரண்டாவது விதியும் அவர் போட்டதுதான். கூடு தெரிகிற படமாக இருந்தால் இடம் என்ற வரியில் ஊர் பெயர் மட்டும். எந்த மரம், எந்தக் கரை என்று எங்களுக்குள்ளும் சொல்லக் கூடாது. “ஒருவருக்குச் சொன்னால் ஆறு பேர் போவார்கள். ஆறு பேர் போனால் காக்கை பார்க்கும்” என்பார். ஆள் நடமாட்டத்தில் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழும். அந்த நேரம் காக்கைக்குப் போதும்.

இதில் சட்டமும் அவர் பக்கம்தான். குமாஸ்தா புத்தி, எந்தச் சட்டத்தையும் விளக்கப் பிரிவிலிருந்து படிப்பேன். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கியவர்களின் கதையைத்தான் மேலே சொன்னேன். கேமராவோடு போயும் வேட்டைக்காரன் ஆகலாம் என்கிறது சட்டம்.

சொல்தா காலமானார். பிள்ளைகள் பிரான்சில். வீடு கைமாறியபோது ஆல்பங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. விஷயம் தெரிந்து நான் போனபோது அட்டைகள் கிழிந்து, ஒரு பையில் 47 படங்கள் மிஞ்சியிருந்தன. எடைக்கு விலை கொடுத்து வாங்கி வந்தேன். சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவி அவற்றைப் பார்க்க வந்தாள். ஊசுட்டேரி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 2008இல். அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்னால் அங்கே எந்த மாதத்தில் என்ன பறவை இருந்தது என்பது அவளுக்கு வேண்டும். அந்தப் பெண் ஒவ்வொரு படத்தையும் எடுத்ததும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தாள். தேதி இருந்தால் குறித்துக்கொண்டாள். இல்லையென்றால், எத்தனை அழகான படமானாலும், மரியாதையாகத் தனியே வைத்துவிட்டாள். சொல்தா எடுத்த எதுவும் அந்தத் தனி அடுக்கில் சேரவில்லை.

இப்போது படம் எடுப்பது எளிது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் பேரன் ஒரு காலையில் எடுப்பதை நாங்கள் ஆறு பேரும் ஓர் ஆண்டில் எடுத்ததில்லை. ஆனால் காகிதம் போனதோடு பின்பக்கமும் போயிற்று. பெயரும் தேதியும் எழுதுவோர் குறைவு. எழுத வேண்டாத ஒன்று மட்டும் தானாகவே ஏறிக்கொள்கிறது: கைபேசியில் இருப்பிடம் காட்டும் வசதி திறந்திருந்தால், எடுத்த இடமும் படத்தோடு பதிவாகிவிடும். அண்மையில் நம் பக்கத்து ஏரி ஒன்றில் ஒரு கூட்டின் படம் இடத்தோடு கைமாறி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கரையில் கூட்டம். மறைத்த கிளையை யாரோ ஒடித்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் கூடு காலி. எடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். எல்லாரும் பறவைப் பிரியர்கள்தாம். பல போட்டிகளில் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. நல்ல காரியம்.

என் வயதொத்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் டிரங்குப் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கும். ஊசுட்டேரி, பாகூர் ஏரி, கழிமுகம், வீட்டுக் கொல்லையில் வந்த குருவி, எதுவானாலும் சரி. ஒரு மெல்லிய பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். படத்தைக் கவிழ்த்து வைத்து, அழுத்தாமல், நினைவிருக்கும் ஆண்டையும் இடத்தையும் எழுதுங்கள். மாதம் தெரியாவிட்டால் மழைக்கு முன்பா பின்பா என்றாவது எழுதுங்கள். எடுத்தவர் பெயரை விட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் படம் காட்டினால், அழகாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், என்ன பறவை, எப்போது என்று கேளுங்கள். கூடாக இருந்தால் மட்டும், எங்கே என்று கேட்காதீர்கள்.