கழுத்துக் கட்டியும் அஸ்ஸஹ்ராவியின் ஊசியும்

கட்டியை ஊசியால் சோதிக்கும் இன்றைய முறையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி கண்டுபிடித்துவிட்டார் என்று நம் மேடைகளிலும் மலர்களிலும் பெருமையுடன் கூறப்படுவதுண்டு. அவர் எழுதியதைக் கொண்டே இக்கூற்றை எடைபோடுவோம்.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த இம்மருத்துவர் ஏறத்தாழ கி.பி. 1000-இல் நிறைவுசெய்த 'அத்தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. தொண்டையில் பருக்கும் கட்டியை 'குரல்வளையின் யானை' என்னும் பெயரால் அதில் குறிப்பிடுகிறார். பெண்களிடமே இது மிகுதி என்கிறார். பிறவியில் அமைந்ததற்குச் சிகிச்சை இல்லை. பின்னர் தோன்றுவது இருவகை: ஒன்று கொழுப்புக் கட்டியை ஒத்தது, மற்றொன்று நாடி புடைத்து உண்டாகும் வீக்கத்தை ஒத்தது. பின்னதில் கத்தி வைப்பது ஆபத்து. ஆகவே துருவும் கருவியால் ஆராய்ந்து, கொழுப்புக் கட்டியின் தன்மை கொண்டு, இரத்தக் குழாய் எதனோடும் ஒட்டாதிருந்தால் மட்டுமே அறுக்கலாம் என்கிறார்.

எனில், அவருடைய கருவி விடை தேடியது 'அறுத்தால் நோயாளி தாங்குவாரா?' என்னும் வினாவுக்கே. 'இது புற்றா?' என்பதற்கு நுண்ணோக்கி வேண்டும். அது தோன்ற இன்னும் ஏறத்தாழ 600 ஆண்டுகள் இருந்தன. முற்றிய புற்றைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்று வெளிப்படையாக எழுதியவர் அவர். முதன்மைக்கு உரிமை கோருவதைவிட இந்த நேர்மையைப் போற்றுவதே அவருக்கு நாம் செய்யும் நீதி.

ஊசியால் உறிஞ்சிய அணுக்களை நுண்ணோக்கியில் கண்டு புற்றை அறியும் முறையை 1930-இல் நியூயார்க்கில் மார்ட்டினும் எல்லிஸும் வெளியிட்டனர். வாயிலோ தொண்டையிலோ ஒளிந்திருக்கும் புற்றின் முதல் அறிகுறியே கழுத்துக் கட்டியாக இருக்கலாம் என்று அதே மார்ட்டின் 1944-இல் எடுத்துரைத்தார். மூலத்தைத் தேடாமல் கட்டியை முதலில் வெட்டிப் பார்ப்பதை அவர் கண்டித்தார்.

நம் இல்லங்களில் முதியவர்கள் 'நோவில்லையே' என்று கட்டியைத் தடவிவிட்டு இருந்துவிடுகிறார்கள். நோவின்மையே ஐயத்துக்குரியது. கிருமித் தொற்றின் அடையாளமின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மாத்திரைகளை மாற்றி மாற்றி விழுங்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் வாய், நாவடி, தொண்டை, குரல்வளை அனைத்தையும் பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார், பிறகு நுண்ணூசி. அதில் புற்றணு தென்படாவிட்டாலும், ஐயம் நீங்கும்வரை தேடல் தொடரும்.