அடியெடுத்துக் கொடுத்த திருவருள்

பாட்டு எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினாவுக்குச் சைவ மரபு சொல்லிவரும் விடை ஒன்று உண்டு. முதலடியை இறைவன் எடுத்துக் கொடுக்கின்றான். புலவன் தொடர்ந்து பாடுகின்றான். இதனைக் கேட்கும் சிலர், அங்ஙனமாயின் புலவனுக்குரிய பணி யாது என்று வினவுவர். அவ்வரலாறுகளை நெருங்கி நோக்கின், புலவனின் உழைப்பை அவை எவ்விடத்தும் தள்ளவில்லை என்பது புலனாகும்.

திருவெண்ணெய்நல்லூர் நிகழ்ச்சியை அன்பர்கள் யாவரும் அறிவர். மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை முதிய அந்தணராய் வந்து, வழிவழி அடிமையென வழக்கிட்டுத் தடுத்தாட்கொண்ட பெருமான், பின்னர்த் தம்மைப் பாடுமாறு பணித்தருளினார். எங்ஙனம் பாடுவதென்று அறியாது நம்பி நின்றார். வழக்கின்போது சினத்தால் தம்மைப் பித்தன் என்று ஏசினமையின், அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக எனப் பெருமான் அருளியதாகப் பெரியபுராணம் கூறும். கொடுக்கப்பட்ட சொல் புதிதாய் வந்ததன்று. நம்பியின் வாயிலிருந்தே முன்னர் வெளிப்போந்தது. வசையாய்ப் பிறந்ததனை வாழ்த்தாய்க் கேட்கும் செவியே அவருக்கு அன்று வாய்த்தது.

குன்றத்தூரில் தோன்றி, இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் (1133–1150) அமைச்சராய் விளங்கிய சேக்கிழாருக்குத் தில்லையில் அசரீரியாய் முதற்சொல் கிடைத்தது என்பர். ஆயினும் சுந்தரர் 11 பாடல்களில் தொகுத்த திருத்தொண்டத்தொகையும், அதனை விரித்த நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் அவர்முன் இருந்தன. குயவர், வண்ணார், பரதவர் முதலியோரின் தொழில்களை அவர் சொல்லும் நுட்பம், நாடெங்கும் சென்று கண்ட அமைச்சரின் கண்ணுக்கே உரியது போலும். ஒரு சொல் கிடைத்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட திருவிருத்தங்கள் எழுந்தன. இடையில் நின்றது பெருங்கல்வி.

இவ்வரிசையில் மிகவும் சிந்திக்கற்பாலது காஞ்சிக் குமரகோட்டத்து வரலாறே. காமக்கோட்டத்துக்கும் திருவேகம்பத்துக்கும் இடையே அமைந்த அத்தலத்தில் அருச்சகராயிருந்த கச்சியப்ப சிவாசாரியார், ஆறு காண்டங்களில் 10,345 செய்யுட்களாகக் கந்தபுராணத்தை அருளினார். முருகப்பெருமானே முதற்சொல்லை அருளினான் என்பதும், நாள்தோறும் பாடிய நூறு பாடல்களைத் திருமுன் வைத்துக் கதவடைத்தால் மறுநாட்காலை அவை திருத்தம் பெற்றிருந்தன என்பதும் வழிவழிச் செய்தி. திருத்தம் உண்டு என்பதை அன்பர்கள் கருதுக. அருளால் பாடியவர் பாட்டுக்கும் அது வேண்டியிருந்தது!

அரங்கேற்றத்தன்று முதற்சொல்லிலேயே தடை எழுந்தது. விநாயகர் காப்பின் தொடக்கமாகிய ‘திகடசக்கரம்’ என்பதனைத் திகழ், தசம், கரம் எனப் பிரிக்க வேண்டும். விளங்குகின்ற பத்துக் கைகள் என்பது பொருள். ழகர ஒற்றும் தகரமும் கூடி டகரமாதற்குத் தொல்காப்பியம் முதலிய நூல்களில் விதி இல்லையே என்றார் ஒரு புலவர். முருகன் தந்த சொல் என்று சிவாசாரியார் விடை கூறியும், ஆயின் அவனே வந்து விதி காட்டட்டும் என்று அவை எழுந்தது. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வந்து, வீரசோழியம் என்னும் நூலை விரித்து, அப்புணர்ச்சிக்கு விதி காட்டி மறைந்தார். வந்தவன் முருகனே என்று அவை தெளிந்தது.

வீரசோழியம் யாருடைய நூல்? வீரராசேந்திர சோழன் காலத்தில் (1063–1070) புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றிய இலக்கணம் அது. சைவப் புராணத்தின் தலைச்சொல்லைக் காக்கப் பௌத்தர் நூலை ஏந்தி முருகன் வந்தான் என்று சொல்ல நம் முன்னோர் கூசவில்லை. நக்கீரர் வரலாற்றில் தோன்றிய நெற்றிக்கண் இங்குத் தோன்றவில்லை; ஏடு தோன்றிற்று. கடவுள் தந்ததாயினும் சொல் இலக்கணத்துக்கு உட்பட்டே நிற்றல் வேண்டும் என்ற அவையோரின் பிடிவாதமும் போற்றத்தக்கதே.

கச்சியப்பரை எட்டாம் நூற்றாண்டினர் எனக் கொள்வாரும் உளர். அக்கணக்கை ஏற்பின், பதினோராம் நூற்றாண்டு நூல் அவரது அரங்கேற்றத்துக்கு வந்தமை பொருந்தாது. வீரசோழியத்துக்குப் பின் வாழ்ந்தவராகக் கொள்வதே இவ்வரலாற்றோடு இயைவது.

அவ்வீரசோழியத்தை 1881இல் அச்சில் ஏற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்நாட்டுத் திருக்கோயில்களில் கந்தபுராணத்தை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக நிலவிவருகின்றது. நூலைத் தொடங்குங்கால் படிப்பவர் நாவில் முதலில் எழுவது, அன்று அவையினர் தடுத்து நிறுத்திய அச்சொல்லே.