கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார்



ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் வேங்கிக்கால் ஏரிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் பயம். ஏரி நிரம்புகிறதே என்று சந்தோஷம். கிணற்றுக்குள்ளே இருக்கிற மோட்டார் முழுகிப்போகுமே என்று பயம். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து பம்பு வெடித்துப்போகும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம்ம மோட்டாருக்கு எமன், ஏறிவருகிற ஊற்றுத் தண்ணீர்தான்.

சரி, மேலே இருக்க வேண்டிய மோட்டாரை ஏன் கிணற்றுக்குள்ளே கொண்டுபோய் வைத்தோம்? அந்தக் கதை தெரிந்தால், அதைக் காப்பாற்றும் வழியும் தெரிந்துவிடும்.

நம் பாட்டன் காலத்தில் இறைப்பு என்றால் ஏற்றமும் கவலையும்தான். ஏற்றத்தில் ஆள் மிதிப்பார்; கவலையில் மாடு வடத்தை இழுக்கும். கிணற்றுக்குள் இறங்கியது சாலும் கயிறும் மட்டுமே. எவ்வளவு மழை பெய்தாலும் கெட்டுப்போக அங்கே ஒன்றுமில்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசில் பணிபுரிந்த ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற பொறியாளர், கிணற்று இறைப்புக்கு எண்ணெய் என்ஜினையும் பம்பையும் பரப்பப் பாடுபட்டார். அடுத்து வந்தது மின்சாரம். 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1937-ல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். 1957-ல் மின்சார வாரியம் அமைந்த பிறகு கம்பி கிராமம் கிராமமாக நீண்டது. அன்றைக்கு வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த நம்ம பக்கத்திலும் கவலை மெல்ல ஓய்ந்தது.

இங்கேதான் ஒரு சங்கதி. பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வெளிக்காற்று தண்ணீரை அமுக்கி மேலே தள்ளுகிறது. அந்தக் காற்று தள்ளக்கூடிய உயரம் சுமார் 34 அடி. இதை 1640-களிலேயே இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி விளக்கிவிட்டார். நடைமுறையில் 20 முதல் 25 அடிக்கு மேல் பம்பு எடுக்காது. எத்தனை குதிரைச் சக்தி மோட்டார் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

பம்புகள் பெருகப் பெருக நீர்மட்டம் இறங்கியது. கிணற்றை ஆழப்படுத்தினோம். தண்ணீர் இறங்க, பம்பும் பின்னாலேயே இறங்க வேண்டியதாயிற்று. புகை கக்கும் எண்ணெய் என்ஜினைக் கிணற்றுக்குள் ஓட்டினால் ஆளைக் கொன்றுவிடும். மின்மோட்டாருக்குப் புகை கிடையாது. ஆகவே பாறையில் திட்டு வெட்டி அதை உள்ளே உட்கார வைத்தோம். கோடைக்காக இறக்கியது, மழையில் மாட்டிக்கொள்கிறது.

இதற்கு வழி அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் மேலே வருகிறது. அப்போது மோட்டார் கீழே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கோடைக்கு ஒரு திட்டு, மழைக்கு மேலே ஒரு திட்டு என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை தீபத்தை ஒட்டித் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கிணற்றுச் சுவரில் வருஷாவருஷம் கோடு போட்டு வையுங்கள். எல்லாக் கோட்டுக்கும் மேலே இருக்கட்டும் மழைக்காலத் திட்டு. புரட்டாசி முடிவதற்குள் மோட்டாரைத் தூக்கிவிடுங்கள். ஸ்டார்ட்டரும் சுவிட்சும் எப்போதும் கிணற்றுக்கு வெளியே, நனையாத இடத்தில் இருக்கட்டும்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாளே திருவண்ணாமலையில் மலைச்சரிவு சரிந்து 7 பேர் மாண்டார்கள். அப்படி ஒரு மழை வந்தால் மோட்டாரைத் தூக்க அவகாசம் ஏது?

மீறி முழுகிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரக் காயிலில் மின்சாரம் பாய்ந்தால் காயில் எரியும். கிணற்றுத் தண்ணீரிலேயே மின்சாரம் கசியலாம். மெயினை அணைத்து, பீஸ் கட்டையைப் பிடுங்கிய பிறகே மோட்டாரைத் தொடுங்கள். மெக்கானிக்கிடம் கொடுத்துச் சேறு கழுவி, நன்றாக உலர்த்தி, மெக்கர் கருவியால் சோதித்து, பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்த பிறகு ஓட்டுங்கள். தண்ணீருக்குள்ளேயே ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு முழுகுகிற பயம் இல்லை. ஆனால் அதற்கும் வயர் இணைப்பும் மேலே உள்ள பெட்டியும் பத்திரமாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கொட்டுகிற மழையில், இருட்டில், மோட்டாரைக் காப்பாற்றத் தனியாகக் கிணற்றில் இறங்காதீர்கள். காயில் போனால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். உயிர் போனால் கட்ட முடியாது.